மரச்செக்கு எண்ணெய்த் தொழில் தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

செக்கு வைக்கலாம் என்று இருக்கிறேன், எந்தக் கம்பெனி மெஷின் நல்லது? சிறுதொழில்களுக்குத் திட்ட அறிக்கை எழுதிக் கொடுக்கும் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இந்தக் கேள்வியோடுதான் உட்காருகிறார்கள். அதற்குப் பதில் சொல்லாமல் நான் இன்னொன்றைத் திருப்பிக் கேட்பேன். மாதாமாதம் உங்களிடம் எண்ணெய் வாங்கப்போகும் 50 குடும்பங்களின் பெயரை எழுதித் தர முடியுமா? முடியாது என்றால் மெஷின் பேச்சைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

நிலக்கடலை, எள், தேங்காய் மூன்றையும் ஆட்டுவதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. நல்ல செக்கு ஆளோடு ஒரு மாதம் நின்றால் கை பழகிவிடும். ஆட்டிய எண்ணெயை யார், என்ன விலைக்கு, எவ்வளவு நாளில் வாங்குவார் என்பதில்தான் செக்கு ஓடுவதும் பூட்டிக் கிடப்பதும் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் செக்கு வாங்குவது நடுவில்தான் வரும்.

செக்கு இல்லாமலே தொடங்குங்கள்

உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ கூலிக்கு ஆட்டித் தருகிற செக்கு கட்டாயம் இருக்கும். முதல் மூன்று நான்கு மாதம் அதுதான் உங்கள் தொழிற்சாலை. நல்ல பருப்பை நீங்களே வாங்கிக் காயவைத்துக் கொண்டுபோய், கூட நின்று ஆட்டி வாங்கி வாருங்கள். எண்ணெயையும் புண்ணாக்கையும் தனித்தனியாக எடைபோட்டு எழுதி வையுங்கள்.

இப்படிச் செய்யும்போது, தெரிந்தவர்கள் முதல் தடவை பாசத்தில் வாங்குவார்கள், அது கணக்கில் வராது என்பது புரியும். இரண்டாவது மாதம் தானாகக் கூப்பிட்டு 'எண்ணெய் இருக்கா' என்று கேட்பவர்தான் வாடிக்கையாளர். அவர்களை மட்டும் எண்ணுங்கள். ஒரு வீட்டுக்கு மாதம் எவ்வளவு போகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் எல்லா எண்ணெயும் சேர்த்து மாதம் மூன்று, நான்கு லிட்டர் ஓடும். ஆனால் பொரிப்பதற்கு ரீஃபைண்ட், தாளிக்க மட்டும் செக்கு என்று பிரித்து வாங்குகிற வீடுகள் நிறைய. உங்களிடம் வருவது ஒன்றரை லிட்டராகவும் இருக்கலாம்.

புகார்கள் வருவதும் இந்த மாதங்களில்தான். கடலை எண்ணெய் வாணலியில் நுரைத்துப் பொங்குகிறது, அடியில் மண்டி நிற்கிறது, நல்லெண்ணெய் கசக்கிறது, போன தடவை வந்த நிறம் இப்போது இல்லை. இதில் சில, சுத்திகரிக்காத எண்ணெயின் இயல்பு. சில உங்கள் தவறு. எது எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த பிறகு கடை திறந்தால் பாதிச் சண்டை குறையும்.

ஒரு எச்சரிக்கை. அடுத்தவர் செக்கில் ஆட்டியதாக இருந்தாலும், உங்கள் பெயர் ஒட்டி விற்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு உங்களுக்கும் வேண்டும். தயாரித்தவர் யார், விற்பவர் யார் என்று இரண்டும் லேபிளில் வரவேண்டும்.

கணக்கு

இங்கே நிதானமாக உட்காருங்கள். கீழே வரும் விலைகள் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே வரிசையில் நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

100 கிலோ நிலக்கடலைப் பருப்பு, கிலோ 120 ரூபாய் என்றால் 12,000 ரூபாய். மரச்செக்கில் கடலைக்கு 40 முதல் 45 சதவீதம் எண்ணெய் விழும். 42 என்று வைப்போம். 42 கிலோ எண்ணெய். செக்கு கிலோவில் கொடுக்கிறது, நாம் லிட்டரில் விற்கிறோம் என்பதை இங்கே பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். ஆகவே 42 கிலோ என்பது சுமார் 46 லிட்டர். மீதியில் 55 கிலோ புண்ணாக்கு, 3 கிலோ சேதாரம். புண்ணாக்கு கிலோ 35 ரூபாய்க்குப் போனால் 1,925 ரூபாய். அதைக் கழித்தால் கடலைக்கு நம் கையிலிருந்து போனது 10,075. லிட்டருக்கு 219 ரூபாய்.

புண்ணாக்குப் பணம் சில்லறை என்று விட்டுவிடாதீர்கள். இந்தக் கணக்கில் அது லிட்டருக்கு 42 ரூபாய். செக்குப் புண்ணாக்கில் எண்ணெய்ச் சத்து கொஞ்சம் மிச்சம் இருப்பதால் மாடு வளர்ப்பவர்கள் விரும்பி வாங்குவார்கள். பால் சொசைட்டி பக்கம் நான்கு பேரைப் பிடித்து வைத்தால் அது தேங்காது. தேங்கினால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

சரி, இப்போது நிலையான செலவு. ஒரு செக்கு, நாளைக்கு 100 கிலோ, மாதம் 25 நாள். 1,150 லிட்டர். வாடகை 8,000, ஒரு ஆள் சம்பளம் 15,000, மின்சாரம் 4,000, பழுதும் மற்றதும் 2,300. நான்கு லட்சம் கடனை 11 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டில் கட்டினால் மாதத் தவணை சுமார் 8,700. மொத்தம் 38,000. லிட்டருக்கு 33 ரூபாய். பாட்டில், மூடி, லேபிள், அட்டைப்பெட்டி 15 ரூபாய். ஆக 267.

உங்களுக்குச் சம்பளம்? திட்ட அறிக்கைகளில் பெரும்பாலும் விட்டுப்போகிற வரி இது. மாதம் 20,000 போட்டால் லிட்டருக்கு இன்னும் 17 ரூபாய். அடக்கம் 284.

எம்ஆர்பி 340 என்று வைக்கிறீர்கள். 1,150 லிட்டரும் விற்றால் ஆண்டு விற்பனை 46 லட்சத்தைத் தாண்டும். சரக்கு விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு வரம்பு 40 லட்சம் என்பதால் பதிவு கட்டாயமாகிவிடும். சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம். அதைக் கழித்தால் உங்களுக்கு வருவது 324. நேரடியாக வீட்டுக்கு விற்றால் லிட்டருக்கு 40 ரூபாய் நிற்கும். இதே பாட்டிலை மளிகைக் கடைக்கு 15 சதவீதக் கழிவில் கொடுத்தால் 51 ரூபாய் அங்கே போகும், கடைக்காரர் தருவது 289, அதில் ஜிஎஸ்டி போகக் கையில் நிற்பது 275. அடக்கமே 284. ஒவ்வொரு லிட்டருக்கும் 9 ரூபாய் கைக்காசு போட்டு விற்கிறீர்கள், அதுவும் கடனுக்கு.

மாதம் 1,150 லிட்டருக்குப் பதிலாகப் பாதிதான் போனால் நிலையான செலவும் உங்கள் சம்பளமும் லிட்டருக்கு 50 ரூபாயிலிருந்து 100 ஆகிவிடும். வீட்டுக்கு விற்றாலும் நட்டம்தான்.

ஆகவே ஒரு செக்கு முழுநேரம் ஓட, வீட்டுக்கு மூன்று லிட்டர் என்றாலும் 380 குடும்பங்கள் வேண்டும். முதலில் கேட்ட அந்த 50 குடும்பம் வெறும் தொடக்கம்தான். 380 வீடு பிடிக்க முடியாதென்று தோன்றினால் கடனைக் குறையுங்கள், வாடகையைக் குறையுங்கள், அல்லது வாரத்தில் மூன்று நாள் உங்களுக்கு, மூன்று நாள் பிறருக்குக் கூலி ஆட்டுவது என்று திட்டத்தையே மாற்றுங்கள். கூலி ஆட்டுவதில் முதலீடு முடங்காது, சரக்கு தேங்காது. கௌரவக் குறைச்சல் என்று நினைத்து அதை ஒதுக்குபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

சரக்கு எங்கே, எப்போது

கடலைக்கு விருத்தாசலம், திண்டிவனம், திருவண்ணாமலைப் பக்கம். எள்ளுக்கு ஈரோடு மாவட்டம் சிவகிரி, விருத்தாசலம். கொப்பரைக்குக் காங்கேயம், வெள்ளகோவில், பெருந்துறை, அவல்பூந்துறை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் ஏலம் நடக்கும் நாளில் போய் ஓரமாக நின்று இரண்டு மூன்று தடவை வெறுமனே பாருங்கள். எந்த ரகத்துக்கு என்ன விலை, யார் மொத்தமாக எடுக்கிறார்கள், ஈரம் பார்க்கக் கையில் எடுத்து எப்படி உடைக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் கண்ணில் படும்.

ஆடிப்பட்டக் கடலை ஐப்பசி, கார்த்திகையில் வரும். மார்கழிப்பட்டம் சித்திரை வாக்கில். மாசிப்பட்ட எள் வைகாசி, ஆனியில். வரத்து அதிகமான மாதத்தில் வாங்கி வைத்தால் லாபம் என்று எல்லோருக்கும் தெரியும். வாங்கி வைக்கப் பணமும் இடமும் இருக்கிறதா என்பதுதான் பிரச்சினை. கடலையைச் சேமிப்பதானால் தோலோடு காயாக வையுங்கள். பருப்பாக உடைத்து வைத்தால் சீக்கிரம் காறல் வந்துவிடும், பூச்சியும் சேரும். உடைத்தால் காயில் 70 சதவீதம் அளவுக்குப் பருப்பு தேறும் என்பதையும் விலை பேசும்போது மனத்தில் வையுங்கள்.

சொத்தைக் கடலையில் மட்டும் சமரசம் வேண்டாம். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகும். பெரிய ஆலைகளில் சுத்திகரிக்கும்போது அது பெருமளவு நீங்கிவிடும். செக்கு எண்ணெயில் சுத்திகரிப்பே கிடையாது. விலை குறைவாகக் கிடைக்கிறதென்று உடைசலும் கருப்பும் கலந்த மூட்டையை வாங்குபவர், 'கெமிக்கல் இல்லாதது' என்று போர்டு வைப்பதில் அர்த்தம் இல்லை. ஆள் வைத்துப் பொறுக்கும் கூலியையும் அடக்கத்தில் சேருங்கள். அதேபோல் கொப்பரை பளீரென்று வெள்ளையாக இருந்தால் கந்தகப் புகை போட்டதா என்று கேளுங்கள். புகை போடாத கொப்பரை கொஞ்சம் மங்கலாக இருக்கும், விலையும் கூடுதலாக இருக்கும்.

இடம், செக்கு, ஆள்

இடத்துக்கு மூன்று விஷயம் போதும். மும்முனை மின்சாரம், வெயில் விழுகிற களமோ மொட்டை மாடியோ, சத்தத்துக்குச் சண்டைக்கு வராத அக்கம்பக்கம். உள்ளாட்சி அமைப்பில் தொழில் உரிமம் கிடைக்குமா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் வேண்டுமா, மின் இணைப்பு எந்தக் கட்டண வகையில் வரும் என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே விசாரியுங்கள். மாவட்டத் தொழில் மையத்தில் இதற்கெல்லாம் ஆள் இருக்கிறார்கள்.

செக்கு வாங்கும்போது ஓடுகிற செக்கில் உங்கள் பருப்பைப் போட்டு ஆட்டிப் பாருங்கள். விற்பவர் வைத்திருக்கும் பருப்பில் வேண்டாம். ஒரு ஈடுக்கு, அதாவது ஒரு தடவை போடுவதற்கு, 15 முதல் 20 கிலோ பிடிக்கும். போட்டு எடுக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். உரலும் உலக்கையும் வாகை மரம்தானா, தேய்ந்தால் கடைந்து கொடுக்க ஆள் எங்கே, புது உலக்கைக்கு எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். பழைய செக்கு விற்பனைக்கு நிறைய வருகிறது. மோட்டாரும் கியர் பெட்டியும் சரியாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். விற்பவரிடம் ஏன் விற்கிறீர்கள் என்று ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். எந்த ஆலோசகரும் சொல்லாத விஷயம் அங்கே கிடைக்கும்.

ஆட்டுவது கைப்பக்குவம். எள்ளைப் போட்டுச் சற்று அரைபட்டதும் கருப்பட்டியைத் தட்டிப் போடுவார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோவுக்கு ஒரு கிலோ அளவு. எள் பிடித்துக்கொண்டு இறுகும், எண்ணெய் பிரிந்து நடுவில் ஊறும். கடலைக்குக் கருப்பட்டி கிடையாது, கையால் தண்ணீர் தெளிப்பார்கள். தண்ணீர் கூடிவிட்டால் எண்ணெய் சீக்கிரம் கெடும், குறைந்தால் பருப்பு பொடியாகவே சுற்றிக்கொண்டிருக்கும். உரலின் ஓரத்தில் ஏறி ஒட்டும் புண்ணாக்கைக் கம்பியால் குத்தி உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். எப்போது தெளிப்பது, எப்போது குத்துவது என்பதைச் செக்கு ஆள் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அந்த ஆள் லீவு போட்டால் தொழில் நிற்கக்கூடாது. நீங்களோ வீட்டில் ஒருவரோ கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள்.

ஒரே செக்கில் மூன்றையும் ஆட்டுவதானால் தனித்தனி நாள் ஒதுக்குங்கள். கடலை ஆட்டிய உரலில் உடனே கொப்பரை போட்டால், தலைக்குத் தேய்க்க வாங்கியவர் வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவார். கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆபத்தும்கூட.

ஆட்டியதைத் துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரத்தில் இரண்டு மூன்று நாள் தெளியவிட்டு, துணியில் வடிகட்டி நிரப்புங்கள். அவசரப்பட்டு நிரப்பினால் மண்டிப் புகார் வரும்.

காகித வேலை

சொன்னால் பயமாக இருக்கும், செய்தால் சில நாள் வேலைதான். தனிநபர் தொழிலாகவே தொடங்குங்கள். பிரைவேட் லிமிடெட் எல்லாம் இப்போது வேண்டாம். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். பணம் கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள். தொழிலின் பெயரில் நடப்புக் கணக்கு ஒன்று.

உணவுப் பாதுகாப்புக்கு ஃபோஸ்கோஸ் தளம். ஆண்டு விற்பனை ஒரு வரம்புக்குள் இருந்தால் பதிவு போதும். அதற்கு மேல் மாநில உரிமம். வரம்புகள் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வெளி மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால், விற்பனை 40 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். பெங்களூரில் இருக்கும் மச்சானின் நண்பர்களுக்கு பார்சல் போடுவதும் இதில் வரும்.

பாட்டிலில் அடைத்து விற்பதால் எடையளவுச் சட்டப்படி பொட்டலமிடுபவர் பதிவும் வேண்டும். லேபிளில் பெயர், முகவரி, அளவு, எம்ஆர்பி, ஒரு அலகின் விலை, தயாரித்த தேதி, எதற்குள் பயன்படுத்த வேண்டும், பேட்ச் எண், உணவுப் பாதுகாப்பு எண், சத்து விவரம், பச்சைப் புள்ளி, புகார் சொல்லத் தொலைபேசி எண். அளவை மில்லி லிட்டரிலும் கிராமிலும் சேர்த்துப் போடுங்கள். டிரம்மிலிருந்து அளந்து ஊற்றி விற்பது ஊர் வழக்கம். ஆனால் சமையல் எண்ணெயை அடைக்காமல் விற்க, மாநில அரசு விலக்கு தந்தாலொழியச் சட்டம் இடம் தருவதில்லை. இரண்டு எண்ணெயைக் கலந்து விற்றால் அக்மார்க் தரச்சான்று கட்டாயம். எனவே கலக்காதீர்கள்.

'சர்க்கரை நோய் குறையும்', 'மாரடைப்பு வராது' போன்ற வரிகளை லேபிளிலும் வாட்ஸ்அப்பிலும் போடாதீர்கள். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது. பெயரைப் பதிவு செய்ய விரும்பினால் வணிகச் சின்னப் பதிவில் சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பில் வரும். கடைப் பலகை எழுதும் முன் அந்தப் பெயர் ஏற்கெனவே யாரிடமாவது இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது மட்டும் கட்டாயம்.

கடனும் மானியமும்

மாவட்டத் தொழில் மையத்தின் வழியாகப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், மாநில அரசின் வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான திட்டம், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினருக்கு 35 சதவீத மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் ஆகியவை உள்ளன. உணவுத் தொழிலுக்கென்றே 2020இல் மத்திய அரசு கொண்டுவந்த குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் மானியம் அறிவிக்கப்பட்டது. இப்போது எந்தத் திட்டம் திறந்திருக்கிறது, உங்கள் வயதுக்கும் பிரிவுக்கும் எது பொருந்தும் என்று நேரில் போய்க் கேளுங்கள்.

மானியம் உங்கள் கைக்கு ரொக்கமாக வராது. பிரதமர் திட்டத்தில் அது வங்கியில் மூன்று ஆண்டு வைப்பாகக் கிடக்கும், அப்புறம்தான் கடனில் கழியும். முதல் மாதச் செலவுக்கு மானியத்தை நம்பித் திட்டம் போட்டவர்கள்தான் கந்து வட்டிக்குப் போகிறார்கள்.

வங்கியில் மெஷினுக்கு மட்டும் கடன் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். கடலைக்கு ரொக்கம் கொடுத்து வாங்குகிறீர்கள், எண்ணெய் விற்று முடிய ஒரு மாதம் ஆகும், நடுவில் இருக்கும் பணம் யாருடையது? மேலே போட்ட கணக்கில் ஒரு மாதக் கடலைக்கு மட்டும் மூன்று லட்சம் வேண்டும். நடைமுறை மூலதனத்தையும் திட்ட அறிக்கையில் சேர்த்துக் கேளுங்கள். மேனேஜர் 'யார் வாங்குவார்கள்' என்று கேட்கும்போது, கூலிக்கு ஆட்டி விற்ற மாதங்களின் நோட்டை எடுத்து மேஜையில் வையுங்கள். அச்சடித்த அறிக்கையைவிட அந்த நோட்டை அவர் அதிக நேரம் புரட்டுவார்.

விற்பனை

380 வீடுகளைக் கடை வாசலில் உட்கார்ந்து பிடிக்க முடியாது. அபார்ட்மென்ட், பள்ளி ஆசிரியர்கள், அரசு அலுவலகம், மகளிர் குழு என்று கூட்டமாக இருக்கும் இடங்களில் ஒருவரைப் பிடித்து, மாதம் ஒரு நாள் குறித்து மொத்தமாக இறக்குங்கள். சம்பளம் வரும் முதல் வாரம் நல்ல நாள். ஆட்டும்போது வந்து பார்க்கலாம் என்று சொல்லுங்கள், வருகிறவர்களும் உண்டு. ஒரு தடவை பார்த்தவர் விலை பேசுவதில்லை.

கடலை விலை ஏறும்போது தரத்தைக் குறைக்காமல் விலையை ஏற்றி, ஏன் என்று இரண்டு வரியில் செய்தி அனுப்புங்கள். கடைகளுக்குக் கொடுப்பதானால் கழிவையும் தாங்குகிற மாதிரி விலையை ஆரம்பத்திலேயே வையுங்கள். வீட்டுக்கு ஒரு எம்ஆர்பி, கடைக்கு ஒரு எம்ஆர்பி என்று போட்டால் இரண்டு பக்கமும் பேச்சு வரும். கூரியரில் அனுப்பும்போது ஒழுகல் இருக்கும். முதலில் உங்கள் வீட்டு முகவரிக்கே இரண்டு பார்சல் போட்டுப் பாருங்கள்.

எதுவரை தாங்குவது

திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு எண்கள் எழுதி வீட்டாரிடம் காட்டுங்கள். எத்தனை மாதம் சம்பளம் எடுக்காமல் இருக்க முடியும் என்பது ஒன்று. கைக்காசு எவ்வளவு வரை போகலாம் என்பது இன்னொன்று. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் லிட்டர், வீடுகள், வரவேண்டிய பாக்கி, கையிருப்புச் சரக்கு நான்கையும் எழுதிப் பாருங்கள். ஆறாவது மாதத்தில் திரும்பி வாங்கும் வீடுகள் 150ஐத் தொடவில்லை என்றால் புதிதாகக் கடன் வாங்காதீர்கள். செக்கின் பாதி நேரத்தைக் கூலி ஆட்டத்துக்குத் திருப்புங்கள். தொட்டுவிட்டால், இரண்டாவது செக்கு பற்றி யோசிக்கும் முன் அடுத்த சீசன் கடலைக்கான பணத்தை ஒதுக்கி வையுங்கள்.